லினக்ஸ் லேப்டாப்பும் விண்டோஸ் பிரிண்டரும்

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. எல்காட் மூலம் வந்த லேப்டாப்களில் விண்டோசோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

நல்ல விஷயம். ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் கொடுத்தால் போதுமா? அதில் அடித்த பிராஜக்ட் ரிப்போர்ட்டை எங்கே பிரிண்ட் எடுப்பது?

காலேஜ் லேபிலும் ஜெராக்ஸ் கடையிலும் பிரிண்டர் பெரும்பாலும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான் மாட்டியிருக்கும். லினக்ஸ் என்று சொன்னாலே, "அதெல்லாம் இதுல வராது தம்பி" என்று பதில் வரும்.

உண்மையில் வராதா? வரும்! விண்டோஸ் தன் பிரிண்டரைப் பகிரப் பயன்படுத்தும் முறைக்கு எஸ்.எம்.பி என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991 இறுதியில் எழுத ஆரம்பித்த மென்பொருள்தான் பின்னாளில் சாம்பா ஆனது. லினக்சில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ், இந்த சாம்பா வழியாக விண்டோஸ் பிரிண்டருக்கு வேலையை அனுப்பிவிடும். கம்ப்யூட்டர் பெயர், பிரிண்டரின் ஷேர் பெயர், யூசர் நேம், பாஸ்வேர்டு... இவ்வளவுதான் கேட்கும்.

சிக்கல் டிரைவரில்தான். நம் கடைகளில் பார்க்கும் கேனன் எல்.பி.பி 2900, எச்.பி லேசர்ஜெட் 1020 போன்றவை விலை குறைவு. பக்கத்தைத் தயார் செய்யும் வேலையை கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடுவதால்தான் அந்த விலை. கம்பெனியின் டிரைவர் ஒத்துழைக்காவிட்டால் வெள்ளைத்தாள்கூட வெளியே வராது. விண்டோசுக்குள்ளும் எல்லாம் சுகமில்லை. 2021-ல் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்து, அடுத்தடுத்து அப்டேட்கள் வந்தபோது, பல இடங்களில் விண்டோசிலிருந்து விண்டோசுக்கே ஷேர் பிரிண்டிங் நின்றுபோனது.

இதில் ஒரு வேடிக்கை. 1980 வாக்கில் எம்.ஐ.டி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் மூலநிரல் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் அவரை குனு திட்டத்தை அறிவிக்க வைத்தது. கட்டற்ற மென்பொருளின் கதையே பிரிண்டரில் தொடங்கி, இன்னும் பிரிண்டரில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது!

இது கம்ப்யூட்டர் பைத்தியங்களின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. மாமல்லபுரம் பக்கத்து மாணவர் கடைசித் தேதியன்று திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து செங்கல்பட்டு வருகிறார். லேப்டாப் கையில் இருந்தும் பயனில்லை. பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறார். ரிப்போர்ட் மட்டுமா, மார்க்‌ஷீட்டும் ஆதார் நகலும்கூட முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் ஏறுகிறது. திரும்பும்போது வைரஸ் இலவசம். அழித்துவிட்டார்களா என்று யார் பார்க்கிறார்கள்?

"பத்து பேர் லினக்ஸ் வைத்திருப்பதற்காக இத்தனை மெனக்கெடலா?" என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். போனிலிருந்து பிரிண்ட் எடுக்க முடியாமல் தவிப்பவருக்கும் இதே தீர்வுதான் வேண்டும்.

தீர்வு பெரிதல்ல. கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் அடுத்த பிரிண்டர் வாங்கும்போது டெண்டரில் ஒரு வரி சேர்க்கலாம்: டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஐ.பி.பி எவ்ரிவேர் வசதியுள்ள நெட்வொர்க் பிரிண்டர் வேண்டும். பழைய பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் கிடைத்தால், லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்சும் கப்சும் போட்டு அதில் மாட்டி எல்லோருக்கும் பகிரலாம். ஒருவர் ஒருநாள் உட்கார்ந்தால் போதும்.

வாங்கும் விலை வேறு, பயன்படுத்தும் செலவு வேறு என்று காமர்ஸ் வகுப்பில் படிக்கிறோம். மலிவாக வாங்கிய பிரிண்டரின் மீதிச் செலவை இன்று மாணவர்தான் பஸ் காசாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். டெண்டர் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.