கையசைவும் காமிராத் தேர்வும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். படம் கலங்கினால் காமிராவைப் பழிக்கும் நம்மனோர்க்கு இப்பழமொழி சாலப் பொருந்தும். பிலிம் காமிராவின்மீது மாணவரிடையே மீண்டும் வேட்கை தோன்றியுள்ள இந்நாளில், தெளிந்த படத்துக்கு விலையுயர்ந்த கருவியே வழியென்று கருதுவோர் பலர். யாமும் அங்ஙனமே கருதியிருந்தோம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியொன்றில் நெடுங்காலம் உழைத்த எம் பாட்டனார் ஓய்வுபெற்ற நாளன்று, அவர் தம் நிட்டிங் எந்திரத்தருகே நிற்கும் கோலத்தைப் படமெடுக்கச் சென்றோம். உள்ளே ஒளி குறைவு. 100 வேகமுள்ள பிலிமை இட்டிருந்தமையால் ஷட்டரை 1/15 விநாடிக்குத் தாழ்த்த நேர்ந்தது. கை நடுங்காதிருக்க வேண்டி, அருகே ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் சட்டத்திலேயே முழங்கையை ஊன்றினோம். பிலிமைக் கழுவிப் பார்த்தபோது பாட்டனாரின் முகம் பஞ்சுப்பொதிபோற் கலங்கியிருந்தது. அந்நாள் மீளுமோ? உடனே வேறு காமிரா வாங்கத் துணிந்தோம்.

எனினும், நெகடிவை உருப்பெருக்கிக் கண்ணாடிகொண்டு நோக்கியபின் உண்மை புலனாயிற்று. கலக்கம் பெரும்பாலும் மூவகையால் நேரும். பொருள் அசைந்திருப்பின் அசைந்தது மட்டுமே கலங்கும். அசையாத தூண் தெளிவாயிருக்கும். குவியம் தவறியிருப்பின் முன்னோ பின்னோ வேறொன்று தெளிந்திருக்கும். காமிராவே அசைந்திருப்பின் படத்திலுள்ளன யாவும் இழுபட்டிருக்கும். எம் படத்தில் விளக்கொளிகளெல்லாம் ஒரே திசையிற் கோடாக நீண்டிருந்தன. எந்திரத்தின் அதிர்வை முழங்கைவழியே யாமே காமிராவுக்கு ஊட்டினோம். அது உள்ளவாறே எழுதிற்று.

அங்ஙனமாயின் கருவித்தேர்வு வேண்டாவோ எனின், வேண்டும்; ஆயின் வேலையை நோக்கித் தேர்தல் வேண்டும். ஒற்றை லென்ஸ் ரிப்ளெக்ஸ் காமிராவில் ஷட்டர் திறக்குமுன் உட்கண்ணாடி மேலெழும்பி மோதும். அவ்வதிர்ச்சி மெதுவான வேகங்களில் தெளிவைக் கெடுக்கக்கூடும். 1925இல் வெளிவந்த லைக்கா போன்றவற்றில் அக்கண்ணாடி இல்லை. 1929இல் தோன்றிய ரோலிபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் காமிராவில் கண்ணாடி அசையாது நிற்கும். கழுத்துவாரை இறுக்கி மார்போடணைத்தும் பிடிக்கலாம். மங்கலொளிக்கு இவை ஏற்றன. 2024இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பெற்ற நம் நஞ்சராயன் குளத்துப் பறவைகளை எடுப்பார்க்கோ, நீண்ட லென்ஸ் மாட்டத்தகும் ரிப்ளெக்ஸே உதவும்.

எக்கருவியாயினும் கணக்கு ஒன்றுண்டு. 35 மி.மீ. பிலிமில் 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60 விநாடியும், 200 மி.மீ. லென்ஸுக்கு 1/250 விநாடியும், கையிற் பிடித்தெடுக்கக் குறைந்த அளவென்பர் பழகினோர். யாம் 400 வேகப் பிலிமை இட்டிருந்தால் 1/15 என்பது 1/60 ஆகியிருக்கும். வேண்டியிருந்தது வேறு பிலிம். வேறு காமிரா அன்று. 1994இல் நிக்கான் நிறுவனத்தார் அதிர்வு தணிக்கும் பொறியைச் சிறு பிலிம் காமிராவொன்றில் அமைத்தனர். அப்பொறியும் கையின் நடுக்கத்தையே தணிக்கும். தையல் எந்திரத்தில் ஓடும் தொழிலாளியின் விரலசைவை நிறுத்தாது.

உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. பிலிமின் அருமையை நாம் உணர்தல் வேண்டும். ஒரு சுருளில் 36 படங்களே அடங்கும்; எடுத்த கணமே பிழையைக் காணவும் இயலாது.

ஆதலின், நண்பர்காள்! கடைக்குச் செல்லுமுன் கலங்கிய நெகடிவை ஒருமுறை உற்றுநோக்குங்கள். நாம் ஊன்றி நின்ற இடத்தையும் எண்ணிப்பாருங்கள். மணல்மேல் வீடு கட்டியவன் கதையை இளமைதொட்டே கேட்டுவந்துள்ளோம். வீடு விழுந்தமைக்கு அங்கே எவரும் செங்கல்லைப் பழித்தாரில்லை.