திருடினானா, காப்பாற்றினானா?



மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்றொருவன் வருகிறான். அந்தணர் ஒருவர் எடுத்து வளர்த்த பிள்ளை. ஒரு நாள், வேள்வி நடக்கும் வீட்டில் பலி கொடுப்பதற்காக ஒரு பசுவைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தான். கொம்பில் மாலை, ஆனால், பசுவோ பயந்து கதறியது. இருட்டும்வரை ஒளிந்திருந்து, அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வழியிலேயே பிடித்து அடித்தார்கள். வளர்த்த தந்தையும் கைவிட்டார். பிச்சை கேட்டுப் போனால், 'மாட்டுத் திருடன்' என்று பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள்! (அமுதசுரபி முதலில் கிடைத்தது இவனுக்குத்தான். அது தனிக்கதை.)

பசு அவனுடையது அல்ல. விட்டுவிட்டால் அதன் உயிர் போய்விடும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வகுப்பில் இதைக் கேட்டால், சின்னப் பிள்ளைகள், "எடுக்கக் கூடாது, அடி விழும்" என்று முந்திக்கொள்வார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள், "அப்பாவுக்குக் கெட்ட பெயர் வருமே" என்பார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "மாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கலாம், அதன் உயிருக்கு யார் சொந்தக்காரர்?" என்று திருப்பிக் கேட்டாள்.

அமெரிக்க உளவியல் அறிஞர் லாரன்ஸ் கோல்பர்க்கும் இப்படித்தான் கதை சொல்லிக் கேட்டார். சாகக் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்பது அவர் கதைகளில் ஒன்று. 1958இல் முடித்த அந்த ஆய்வில், 'திருடலாம்', 'கூடாது' என்ற பதிலுக்கு அவர் மதிப்புத் தரவில்லை. 'ஏன்?' என்பதைத்தான் கவனித்தார். அடிக்குப் பயப்படுவது கீழ்ப்படி. நல்ல பெயருக்காகவும் சட்டத்துக்காகவும் நடப்பது நடுப்படி. எல்லோருக்கும் பொருந்தும் நியாயத்தைத் தானே யோசிப்பது மேல்படி. பெரியவர்களிலும் பலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள் என்றார் அவர்.

அந்த ஆய்வில் அவர் கேட்டது பையன்களை மட்டும்தான்! அவரோடு பணியாற்றிய கேரல் கில்லிகன், 'பெண்களின் குரல் எங்கே?' என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். நியாயமான கேள்விதான்.

நம் தர்மபுரிக்கு வருவோம். அன்று இதன் பெயர் தகடூர். இங்கே ஆண்ட அதியமான், நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனியை ஔவையாருக்குக் கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அதன் பயனைச் சொல்லாமலே கொடுத்தான் என்று புறநானூற்றில் ஔவையாரே பாடியிருக்கிறார். சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருப்பாரா? மறைத்தது சரியா? நாட்டைக் காக்கும் மன்னன், மக்களுக்காகத் தானே அதை உண்டிருக்க வேண்டாமா?

இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் பேசிப் பாருங்கள். பாட்டி என்ன சொல்கிறார் என்று கேட்க மறக்காதீர்கள். 'ஏன்?' என்பதையும் சேர்த்துத்தான்!