சிறு சொல்லும் பெரும் பொருளும்

சில ஆண்டுகளுக்கு முன் எமது அயலில் வசித்த ஓர் இளைஞர் ஒரு கடிதத்துடன் எம்மிடம் வந்தார். நிறுவனம் ஒன்று அவருக்கு வேலை தர இசைந்து ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதம் அது. குறித்த திகதிக்கு முன் மூலச் சான்றிதழ்களை நேரிற் கொணர்ந்து காட்டவேண்டும் என்று எழுதி, அதன்பின் ‘பெயிலிங் விச்’ என்று தொடர்ந்து, நியமனம் இரத்தாகும் என்று முடித்திருந்தார்கள். ‘பெயில்’ என்பதைக் கண்ட இளைஞர், இது சோதனையில் தவறியவர்களுக்கு உரிய வாக்கியம், நாம்தான் சித்தியடைந்துவிட்டோமே என்று எண்ணி வாளாவிருந்துவிட்டார். எம்மிடம் வந்தபோது தவணை கடந்து ஒன்பது நாட்கள் ஆகிவிட்டன. ‘அங்ஙனம் செய்யத் தவறின்’ என்பதே அதன் பொருள் என்று சொன்னதும் அவர் முகம் வாடியது. கடிதத்தில் இருந்த கடினமான சொற்களுக்கெல்லாம் அகராதி பார்த்துப் பென்சிலாற் பொருள் எழுதி வைத்திருந்தார். எளியவை எனத் தோன்றிய இரண்டு சொற்களை மட்டும் பார்க்கவில்லை.

திருகோணமலையாருக்கு ஆங்கிலக் கடிதம் புதியதன்று. பிரித்தானியர் 1957ஆம் ஆண்டு கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும்வரை, துறைமுகத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் வாழ்வும் தாழ்வும் அம்மொழித் தாள்களிலேயே தங்கியிருந்தன. இன்றும் கப்பல் வேலைக்கும் கடல் கடந்த வேலைக்கும் வரும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஆதலால் வாக்கியங்களை இணைக்கும் சொற்றொடர்களைப் பற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

தமிழில் இணைப்புப் பெரும்பாலும் வினையோடு ஒட்டியே வரும். ‘மழை பெய்தாலும் படகு புறப்பட்டது’ என்னும்போது, ‘ஆலும்’ என்பது முதற் பகுதியின் ஈற்றில் நின்று இரண்டாம் பகுதியைத் தழுவுகிறது. ஆங்கிலத்திலோ இணைப்புச் சொல் தனித்து நின்று, தான் ஆளும் பகுதிக்கு முன்னே வரும். ‘ஓல்தோ இட் வாஸ் ரெயினிங், த போட் செயில்ட்’ என்பதே முறை. நம் மாணவர் பலர் இதனிடையே ‘பட்’ என்பதையும் செருகிவிடுகின்றனர். தமிழில் ‘ஆலும்’ நிற்கும் இடத்திலே ஏதாவதொன்று நிற்கவேண்டும் என்று அவர்களது செவி எதிர்பார்க்கிறது போலும். இரண்டு வாக்கியங்களைப் பிணைக்க ஒரு கயிறு போதும். ‘ஓல்தோ’ வந்தால் ‘பட்’ வேண்டியதில்லை. ‘பட்’ வந்தால் ‘ஓல்தோ’ வேண்டியதில்லை.

‘இன் ஸ்பைட் ஒவ்’ என்பதும் ஏறத்தாழ இதே கருத்தினதே. ஆனால் அதன்பின் வருவது பெயர், முழு வாக்கியமன்று. ‘இன் ஸ்பைட் ஒவ் த ரெயின்’ என்றால் ‘மழையையும் பொருட்படுத்தாது’ என்க. ‘டெஸ்பைட்’ என்பதற்கும் பொருள் இதுவே. ஆயினும் அதனுடன் ‘ஒவ்’ சேர்த்தல் பிழை.

‘அன்லெஸ்’ என்பதில் எதிர்மறை உள்ளேயே அடங்கியிருக்கிறது. ‘பணம் கட்டாவிட்டால்’ என்னும் தமிழை மனத்திற்கொண்டு, ‘அன்லெஸ் யூ டூ நொட் பே’ என்று எழுதுவோர் உளர். அது ‘பணம் கட்டாவிட்டால் ஒழிய மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்று எழுதுவதற்கு ஒப்பாகும். பணம் கட்டாதவன் தப்பிக்கொள்ள, கட்டியவன் இருளில் இருக்க நேரிடும்!

இனி, ‘புரொவைடட் தட்’. ‘புரொவைட்’ என்றால் ‘வழங்கு’ என்று படித்த மாணவன் இதனை ‘வழங்கப்பட்டது’ என்று கொண்டு மயங்குவான். வாக்கியத்தின் நடுவில் வரும்போது ‘என்னும் நிபந்தனையுடன்’ என்பது இதன் பொருள். சட்டத்தில் ஒரு விதியைக் கூறி முடித்து, அடுத்து இச்சொற்களைக் கொண்டு தொடங்கினால், நம் இலக்கணிகள் கூறும் புறநடை வருகிறது என்று அறிக. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களமே ஒரே அரசகரும மொழி என்று முதலிற் கூறியது. அதனையடுத்து ‘புரொவைடட் தட்’ என்று தொடங்கி, உடனடி மாற்றம் இயலாது என அமைச்சர் கருதும் கருமங்களில் அதுவரை வழங்கிய மொழியை 1960 டிசெம்பர் 31 வரை தொடரலாம் என்று இடமளித்தது. ஆங்கிலத்தில் மட்டும் கோவை எழுதப் பழகிய எழுதுவினைஞருக்குக் கிடைத்த அவகாசம் முழுவதும் அந்த இரண்டு சொற்களின் பின்னேதான் இருந்தது.

நம் துறைமுகத்தைப் பற்றியே ஒரு வாக்கியம் உண்டு. 1987 ஜூலை 29ஆம் திகதி, இந்திய இலங்கை ஒப்பந்தத்துடன் இரு நாட்டுத் தலைவர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். திருகோணமலையோ இலங்கையின் வேறு துறைமுகங்களோ எந்த நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டுக்கு விடப்படமாட்டா என்று அதில் ஒரு வாசகம் செல்கிறது. அவ்விடத்தில் நிறுத்திப் படித்தால் தடை முழுமையானது. ஆனால் ஆங்கில வாக்கியம் அங்கு முடியவில்லை. ‘இன் எ மானர்’ என்று தொடங்கும் தொடர் ஒன்று, ‘இந்தியாவின் நலன்களுக்குப் பாதகமான முறையில்’ என்னும் பொருளை இறுதியிற் சேர்க்கிறது. தடை எல்லாப் பயன்பாட்டுக்கும் அன்று, அம்முறையிலான பயன்பாட்டுக்கே என்று வாக்கியம் குறுகிவிடுகிறது. தமிழில் இத்தகைய அடை முன்னே வந்து நம்மை எச்சரித்துவிடும். ஆங்கிலத்தில் அது வால்போலப் பின்னே வரும். ஆதலின் முற்றுப்புள்ளியைக் காணும்வரை பொருளை முடிவு செய்யலாகாது.

அதே 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 18ஆம் உறுப்புரையை மாற்றியது. சிங்களம் அரசகரும மொழியாகும் என்ற வாக்கியத்தை அடுத்து, தமிழ் ‘ஓல்ஸோ’ ஓர் அரசகரும மொழியாகும் என்ற வாக்கியம் வந்தது. இந்த ‘ஓல்ஸோ’ தமிழிலே ‘தமிழும்’ என்பதன் உம்மையாய் நிற்கும். தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்தார். அவற்றுள் எச்சவும்மை இது. ‘கந்தனும் வந்தான்’ என்றால், வேறொருவன் வந்தமை சொல்லாமலே விளங்கும். இந்த ‘உம்’ தமிழைச் சபையில் அமர்த்தியதா, பின்வரிசையில் அமர்த்தியதா என்று அறிஞர் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை விளங்கிக்கொள்வதற்கும் முதலில் அச்சிறு சொல்லைக் கவனித்தல் வேண்டும். அதே உறுப்புரை ஆங்கிலத்தை ‘இணைப்பு மொழி’ என்று கூறுகிறது. இணைப்பு மொழியைக் கற்கும் நாம் அதன் இணைப்புச் சொற்களைக் கல்லாது விடுதல் முறையாகுமா?

மாணவர்களே, வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம் எதுவாயினும் அதனை எடுத்து, இணைப்புத் தொடர்களின் கீழ் மட்டும் கோடிடுங்கள். ஒவ்வொன்றும் எவற்றை இணைக்கிறது, முன் கொடுத்ததைப் பின் வாங்குகிறதா, நிபந்தனை விதிக்கிறதா, காரணம் காட்டுகிறதா என்று ஆராய்ந்து, வாக்கியம் முழுவதையும் ஒருமுறை தமிழில் எழுதிப் பாருங்கள். பெற்றோரே, கையொப்பமிடுமுன் அத்தாளைப் பிள்ளையிடம் கொடுத்து, கோடிட்ட இடங்களின் பொருளைக் கேளுங்கள். பிள்ளைக்கு அது பயிற்சி. உங்களுக்கு அது காவல்.

அந்த இளைஞர் பின்னர் வேறோர் இடத்தில் வேலை பெற்றார். இரண்டாவது கடிதம் வந்த அன்று மாலையே அதனை எம்மிடம் கொணர்ந்தார். அதிலும் ‘பெயிலிங் விச்’ இருந்தது. அதன் கீழே சிவப்பு மையால் இரட்டைக் கோடு இட்டிருந்தார்.