கைலியும் கண்ணியமும்



பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவில் வலை உலர்த்தும் மீனவர் உடுத்தியிருப்பது கைலி. கடல் கடந்து கோலாலம்பூர்ப் பள்ளிவாசலுக்குத் தொழ வரும் மலாய்ச் சகோதரர் பலர் உடுத்தியிருப்பதும் கைலியே. அவர்கள் அதனைக் 'காயின் பெலிக்காட்' என்பர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காட்டின் பெயரன்றி வேறில்லை. 1613-ஆம் ஆண்டில் இங்கே கெல்ட்ரியா கோட்டையை நிறுவிய டச்சுக்காரர், இக்கரைத் துணிகளைக் கீழைத் தீவுகளுக்கு அனுப்பி நறுமணப் பொருள்களைப் பெற்றனர். துணியோடு ஊர்ப்பெயரும் கப்பலேறிற்று.

ஆயினும் மலேசிய அரசு விருந்துக்கு அதே கைலியுடன் செல்வது முறையாகாது. அங்கே நீண்ட கைப் பாத்திக் சட்டையோ, சரிகைத் துணி சுற்றிய மலாய் உடையோதான் மரபு. மஞ்சள் அரச குடும்பத்தின் நிறமாதலால், அரண்மனை விழாவில் விருந்தினர் அதனைத் தவிர்ப்பர். மியன்மாரிலோ, லுங்கியே அரசு விழாக்களுக்கும் உரிய மரபுடை. நைஜீரியாவின் கலபாரி மக்கள், சென்னைக் கரையிலிருந்து சென்ற கட்டம்போட்ட துணியைத் திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் பெருமையுடன் அணிவர். துணி ஒன்றே, இடத்திற்கு இடம் அதன் மதிப்பு வேறு.

இதனை அறியாது வெளிநாடு செல்லும் நம் இளைஞர், வாசலிலேயே தலைகுனிய நேர்கிறது. 2022-இல் கத்தாரில் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, சிலுவைப் போர் வீரர் வேடத்தில் இங்கிலாந்து இரசிகர் சிலர் வந்தனர். அவ்வேடம் அரபு மண்ணில் முஸ்லிம்களைப் புண்படுத்தக்கூடும் என்று பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனமே கூறிற்று. அவர்களுக்கு விளையாட்டு; விருந்தளித்தோருக்கோ ஆறாத வடு.

அப்படியாயின் விருந்தளிப்பவர் விதிக்கும் எதுவும் நியாயமாகிவிடுமா? இல்லை. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகள் தலைமறைப்பு அணியலாகாது என்றது. ஓட்ட வீராங்கனை சுன்காம்பா சில்லா தொடக்க விழாவில் தொப்பியால் தலையை மறைக்க நேர்ந்தது. நம் சென்னையிலும், 2014-இல் வேட்டி உடுத்திய உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு மன்றம் உள்ளே விடவில்லை. அதன்பின் அத்தகைய தடைகளை நீக்கத் தமிழக அரசு சட்டமே இயற்றிற்று. இடத்தின் மரியாதையைக் காப்பது ஒன்று. மனிதரை இழிவுபடுத்துவது வேறொன்று.

இங்கே நமக்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது, குறுகிய கைகளையுடைய ஷாம் நாட்டு அங்கியை அணிந்திருந்தார்கள் என்பது ஹதீஸ். அந்நிய நாட்டு உடை என்பதற்காக அதனை ஒதுக்கவில்லை. ஆகவே, உடையின் வெட்டிலும் நிறத்திலும் விட்டுக்கொடுக்கலாம். மறைக்க வேண்டியதை மறைப்பதில் விட்டுக்கொடுக்க இயலாது. அழைப்பிதழ் வந்ததும், "எவ்வுடை தகும்?" என்று அழைத்தவரிடமே கேட்டுவிடுங்கள். உங்களால் ஏற்க இயலாதது ஏதேனும் இருப்பின், அதனையும் முன்கூட்டியே பணிவுடன் சொல்லுங்கள். கேட்பது இழுக்கன்று.

இதே பண்பு நம் ஊரிலும் வேண்டும். டச்சுக் கல்லறைகளையும் ஏரிப் பறவைகளையும் காணப் பழவேற்காட்டுக்கு வருவோர், நம் வழக்கம் அறியாது பள்ளிவாசல் வாசலில் நிற்கக்கூடும். கோலாலம்பூர்த் தேசியப் பள்ளிவாசலில் அத்தகையோருக்கு மேலங்கியை இரவலாகத் தந்து வரவேற்கின்றனர். உலகுக்கே துணி கொடுத்த ஊர், வாசலில் நிற்பவரைக் கடிந்து விரட்டலாமா? ஒரு கைலியை நீட்டி உள்ளே அழைப்பதன்றோ அழகு!