90 ஆயில் என்னும் மூடநம்பிக்கை

எல்.எஸ்.டி. என்றதும் போதைப் பொருள் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கவும். இது வண்டியின் பின் அச்சில் இருக்கும் சமாச்சாரம். முழுப்பெயர் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.

"ஹவுசிங்குக்கு என்ன ஆயில் ஊத்தறது?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "90 ஆயில் ஊத்துங்ணா, போதும்." லாரிக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டத்தில், அதுவும் கொல்லிமலை ஏறுகிற வண்டிக்கு, இது ஒரு பதிலே அல்ல!

ஏன்? 90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டுமே. உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. காய்ச்சலுக்கு மருந்து கேட்டவரிடம் "100 மில்லி பாட்டில்" என்று சொல்வது மாதிரி.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்சக்கரம் குறைவாக. இதைச் சமாளிக்கத்தான் டிஃபரன்ஷியல். ஆனால் சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. எல்.எஸ்.டி.யில், குறிப்பாக கிளட்ச் வகையில், வரிசையாக அடுக்கிய தட்டுகள் அந்தச் சுற்றலைப் பிடித்து அடுத்த சக்கரத்துக்கும் விசை கொடுக்கும்.

அந்தத் தட்டுகள் வளைவில் ஒன்றோடொன்று வழுக்கியாக வேண்டும். ஒரு தடவை ஏறி இறங்கினால் 140 வளைவு! வழுக்கல் சீராக இருக்க ஆயிலில் 'ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர்' என்ற கலவை தேவை. அது இல்லாவிட்டால் தட்டு ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். வளைவில் பின்பக்கம் 'டக டக'வென்று உதறும். டயரும் தேயும், தட்டும் தேயும். சரி, அதிகமாக ஊற்றினால்? வழுக்கல் கூடிப்போய் எல்.எஸ்.டி. சாதா டிஃபரன்ஷியல் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஜிஎல்-5 தான் உசத்தி, எல்லாத்துக்கும் அதையே ஊத்து" என்பவர்கள். கிரவுன், பினியனுக்கு ஜிஎல்-5 அவசியம்தான். ஆனால் ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் அதை ஊற்றினால், அதிலுள்ள கந்தகக் கலவை உள்ளே இருக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். 5 என்பது மதிப்பெண் அல்ல மக்களே, வகை!

எதிர்ப்பக்கமும் ஏமாற்று உண்டு. மலையில் பலாவும் மிளகும் ஏற்றும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது சாதா டிஃபரன்ஷியல். அவற்றுக்கு எல்.எஸ்.டி. ஆயிலை விற்பது வீண் செலவு. குளிருக்காக 75டபிள்யூ வேண்டும் என்பதும் அப்படியே. அந்த எண் மைனஸ் 40 டிகிரியில் சோதிக்கப்படுவது. கொல்லிமலையில் ஸ்வெட்டர் போதும் :-) கம்பெனியே 75டபிள்யூ-90 கேட்டிருந்தால் மட்டும் அது வேறு கதை.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் வண்டியின் கையேடு, அடுத்து ஹவுசிங்கில் உள்ள தகடு. பின்சக்கரம் இரண்டையும் தூக்கி நியூட்ரலில் ஒன்றைச் சுற்றினால், மற்றது அதே திசையில் சுற்றினால் கிளட்ச் வகை. எதிர்த்திசை என்றால் சாதா என்று முடிவு கட்ட முடியாது. பல்சக்கரத்தால் இயங்கும் டார்சன் வகையும் அப்படிச் சுற்றலாம். பொலிரோ நியோவின் என்10 (ஓ) மாடலில் 2021ல் வந்தது தானாகப் பூட்டிக்கொள்ளும் வேறு வகை. ஒவ்வொன்றுக்கும் கம்பெனி சொன்ன ஆயில்தான்.

வணிகவியல் பாஷையில் சொன்னால், ஆயில் வருவாயினச் செலவு, டிஃபரன்ஷியல் மூலதனச் சொத்து. லிட்டருக்குச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்துச் சொத்தையே அழிப்பதற்குப் பெயர் சிக்கனமா? ஜீப் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளில் மூட்டை மலையிலேயே நிற்கும். நஷ்டம் '90 ஆயில்' சொன்னவருக்கு அல்ல, விளைவித்தவருக்கு.

ஆகவே அடுத்த முறை கேட்க வேண்டியது "எத்தனை நம்பர்?" என்று அல்ல. "உள்ளே என்ன இருக்கு?" என்று.

டிஸ்கி: கிளட்ச் வகை எல்.எஸ்.டி.யில் புது ஆயில் ஊற்றியதும் காலி மைதானத்தில் மெதுவாக நாலைந்து '8' போடவும். தட்டுகளுக்கிடையே ஆயில் இறங்கும். லைசென்ஸுக்குப் போட்ட 8 அதற்காவது உதவட்டும்!