வேளாண் மண்டலத்தில் மனைப்பிரிவுக்கு மட்டும் தடையில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியது. தஞ்சாவூர் மாவட்டம் முழுவதும் அந்த மண்டலத்துக்குள் வருகிறது. ஆனாலும் அதிராம்பட்டினத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல் விளைந்த வயலில் கிராவல் கொட்டி, கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி மனை விற்பது நிற்கவில்லை. இதைச் சட்டமீறல் என்றுகூடப் பல இடங்களில் சொல்ல முடியாது. சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது என்பதுதான் என் புகார்.

மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராகக் காவிரி டெல்டா மக்கள் பல ஆண்டுகள் போராடியதால் கிடைத்த சட்டம் இது. எங்களுக்கு அருகிலுள்ள வடசேரி மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றபோது, 2023 ஏப்ரலில் இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித்தான் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே வடசேரி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த அளவில் சட்டம் பயன் தந்திருக்கிறது. ஆனால் அது தடை செய்யும் தொழில்களைப் பாருங்கள்: துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலைகள், இரும்பாலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, எண்ணெய் மற்றும் எரிவாயு எடுத்தல். மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் பக்கம் உருக்காலை கட்ட யாரும் வரப்போவதில்லை. இங்கே வயல் போவது ஏக்கர் ஏக்கராக, மனையாகத்தான்.

இந்த நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவர அரசு செய்த செலவைக் கணக்கில் கொள்ள வேண்டும். காவிரி-மேட்டூர் திட்டத்தில் 1934 வாக்கில் முடிந்த கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி எங்களுடையது. நாங்கள் புதாறு என்று சொல்லும் அந்தக் கால்வாயின் பாசனம் சுமார் 2.27 லட்சம் ஏக்கர். அதைப் புனரமைக்க சுமார் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கடைமடை வரை தண்ணீர் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேலே கால்வாய்க்குக் கான்கிரீட் போட ஓர் அரசுத் துறை கோடிக்கணக்கில் செலவிடுகிறது. கீழே அதே கால்வாயின் ஆயக்கட்டை மனையாக்க இன்னொரு துறை அனுமதி தருகிறது. இரண்டு துறைகளும் ஒரே வரைபடத்தை வைத்துப் பேசுகின்றனவா?

விற்றவர் நிலத்தோடு போகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு தூரம் எழுதமாட்டேன். கடைமடையில் வயல்கள் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன. பாசன வாய்க்கால் ஒரு வயலைத் தொட்டு அடுத்த வயலுக்குப் போகிறது. வடிகாலும் அப்படித்தான். நடுவில் ஒரு வயலை இரண்டடி உயர்த்திவிட்டால் கீழ்வயலுக்குத் தண்ணீர் ஏறாது. மேல்வயலில் நின்ற தண்ணீர் வடியாது. கடலை ஒட்டிய சமதளமான எங்கள் மண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழை சாதாரணமாகவே மெதுவாகத்தான் வடியும். வடிகாலும் அடைபட்டால் சம்பாப் பயிர் நின்ற இடத்திலேயே அழுகும். அழுகிய பயிரைப் பார்த்து வெறுத்த விவசாயி அடுத்த ஆண்டு தரிசு போடுவார். தரிசு நிலம் என்று காரணம் காட்டி அதையும் மனையாக்குவார்கள்.

நகரவாசிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஊர்க் குளங்களுக்கு ஆற்றுத்தண்ணீர் வருவது இந்த வாய்க்கால்கள் வழியாகத்தான். கடலோர ஊரில் குளம் நிறைந்தால்தான் கிணற்றுத் தண்ணீர் உப்பேறாமல் இருக்கும். வாய்க்காலை மூடி வாங்கிய மனையில் வீடு கட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்ப்பது யாருக்கு லாபம்?

வீடே கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதிராம்பட்டினம் 2021இல் நகராட்சியானது. குடும்பங்கள் பெருகுகின்றன, வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்தவர்கள் சொந்த ஊரில் ஒரு வீடு வேண்டும் என்று நினைப்பது நியாயம். நிலத்தை விற்கிற விவசாயியையும் நான் குறை சொல்லமாட்டேன். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்த தென்னைகளோடு பலருடைய வருமானமும் போனது. பெண்ணின் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் அவசரப் பணம் வயலிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே தனித்தனி மனிதரைத் தடுப்பதில் பயனில்லை. எங்கே வீடு, எங்கே வயல், எங்கே தண்ணீர் போகும் வழி என்பதை ஊர் கூடி முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இன்று அந்த முடிவை மனை வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது.

விதிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017இல் தனி விதிகள் வந்தன. அவை ஒவ்வொரு மனுவையும் தனித்தனியாகப் பார்க்கின்றன. ஒரு வயலை மட்டும் பார்த்தால் பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் எந்த அதிகாரியும் எழுதுவார். பத்து ஆண்டுகளில் ஒரு வாய்க்காலின் ஆயக்கட்டு முழுவதும் போய்விட்டதை எந்தக் கோப்பும் காட்டாது. அனுமதியற்ற மனைகளுக்கோ 2016 அக்டோபர் 20க்கு முந்தியவை என்றால் வரன்முறை செய்து தருவதாக 2017இல் அறிவித்து, அவகாசத்தைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். பொறுத்திருந்தால் சரியாகிவிடும் என்ற பாடத்தைத்தான் விதியை மீறியவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பக்கத்து மாநிலமான கேரளம் 2008லேயே நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு ஊரிலும் எது நெல்வயல் என்று கணக்கெடுத்துப் பட்டியல் வெளியிட வேண்டும். ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோரோடு விவசாயப் பிரதிநிதிகளும் உள்ள உள்ளூர்க் குழு கண்காணிக்க வேண்டும். 2018இல் செய்த திருத்தம் அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது என்ற விமர்சனம் உண்டு. இருந்தாலும் நெல்வயலைச் சட்டத்தில் பெயர் சொல்லிக் காப்பாற்ற அவர்களால் முடிந்திருக்கிறது. தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று மேடைதோறும் பேசப்படும் தஞ்சைக்கு அந்தப் பாதுகாப்பு ஏன் இல்லை?

தமிழக அரசிடம் நான் கேட்பது நான்கு. வேளாண் மண்டலச் சட்டத்தைத் திருத்தி, ஆற்றுப்பாசன ஆயக்கட்டு நஞ்சையில் புதிய மனைப்பிரிவு கூடாது என்று சேர்க்க வேண்டும். அதிராம்பட்டினம் நகராட்சிக்கும் ஏரிப்புறக்கரை, இராஜாமடம் உள்ளிட்ட சுற்று ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே நிலப்பயன்பாட்டுத் திட்டம் போட்டு, வீடு கட்டத் தகுந்த மேட்டுப் புஞ்சையையும் ஊருக்குள் காலியாகக் கிடக்கும் மனைகளையும் அதில் முதலில் குறிக்க வேண்டும். பாசன வாய்க்கால், வடிகால் ஒவ்வொன்றையும் அளந்து கல் நட்டு, அந்தப் புல எண்களைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முடக்க வேண்டும். நஞ்சையை நஞ்சையாகவே வைத்திருக்கும் கடைமடை விவசாயிக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தர வேண்டும். ஊருக்காக அவர் விட்டுக்கொடுக்கும் மனை விலைக்கு ஊர் தரும் ஈடு அது.

வரைபடம் தயாரானால் அதை இணையதளத்தில் போட்டு முப்பது நாள் ஆட்சேபணை கேட்பதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. கிராம சபையிலும் நகராட்சியின் பகுதி சபையிலும் சுவரில் விரித்து மாட்டி, வயலுக்குரியவரும் வயலில் உழைப்பவரும் பார்த்துப் பேசிய பிறகே இறுதி செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரும் கூட்டத்திலேயே இதை ஒரு பொருளாக வைக்கும்படி எங்கள் பகுதி ஊராட்சிகளையும், அதற்கு வரைபடங்களைத் தந்து உதவும்படி மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
அதிராம்பட்டினம்,
தஞ்சாவூர் மாவட்டம்.