வீசிங் சத்தம் நின்னா நல்லாயிருச்சுன்னு அர்த்தம் இல்லைங்க

1.
ராத்திரி ரெண்டு மணி இருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்துல நான் டூட்டி பார்த்த ஒரு ஆஸ்பத்திரி. 38 வயசு அம்மா ஒருத்தரை டூவீலர்ல நடுவுல உட்கார வச்சுப் பிடிச்சுக்கிட்டே கொண்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

"வீசிங் சத்தம் பயங்கரமா இருந்துச்சு சார். அப்புறம் நின்னுருச்சு. சரி, தூங்குறாளேன்னு விட்டுட்டோம்" என்றார் கணவர்.

2.
விசில் சத்தம் வர்றதுக்குக்கூட உள்ளே காத்து போய் வரணும். அதுவே இல்லாததால்தான் சத்தம் நின்னிருக்கு. அவங்க தூங்கலை, மயங்கிட்டு இருந்தாங்க. ஆக்சிஜன், நெபுலைசர், தொண்டையில டியூப் எல்லாம் போட்டோம். காப்பாத்த முடியலை.

3.
அவங்க மஞ்சப்பையில பழைய ஓ.பி. சீட்டு நாலு இருந்தது. ஆறு மாசத்துல நாலு தடவை மூச்சுத்திணறல். நாலு சீட்டுலயும் கிட்டத்தட்ட ஒரே வரிதான்: நெபுலைசர், டெரி-டெக்சா ஊசி, மூணு நாள் மாத்திரை. தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர் ஒரு சீட்டுலயும் இல்லை.

அந்த நாலுல ஒரு சீட்டு என் கையெழுத்து.

4.
இது ஒரு வீட்டுக் கதை மட்டும்னா இங்கே எழுதியிருக்க மாட்டேன். 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவுல சுமார் 3 கோடியே 43 லட்சம் பேருக்கு ஆஸ்துமா. உலக ஆஸ்துமா சுமையில் இது 13%. ஆனா உலகத்துல ஆஸ்துமாவால் நடக்கிற மரணங்கள்ல நம்ம பங்கு 42%.

நோய்ல எட்டுல ஒரு பங்கு, சாவுல பாதிக்குக் கிட்ட.

5.
இவை மதிப்பீடுகள்தான். 2020ல் நம்ம நாட்டில் பதிவான மரணங்கள்ல 22.5% மட்டுமே மருத்துவச் சான்றோட பதிவானவை. வீட்டுல மூச்சுத் திணறி இறந்தவருக்கு "ஹார்ட் அட்டாக்"னு சொல்லிட்டு காரியத்தை முடிச்சிடுறோம். எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனா இவ்வளவு பெரிய இடைவெளி கணக்குப் பிழையால மட்டும் வந்திருக்காது.

6.
அப்போ காரணம் என்ன? ஆஸ்துமாவை நாம "அட்டாக்" வரும்போது மட்டும் வைத்தியம் பார்க்கிறோம்.

மூச்சுக்குழாய்க்குள்ள ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, சுத்தியிருக்கிற தசை இறுகுது. ரெண்டு, உள்சுவர் வீங்கிச் சளி அடைக்குது. சால்புட்டமால் பம்பும் நெபுலைசரும் தசையைத் தளர்த்தும். அஞ்சு நிமிஷத்துல நிம்மதி. வீக்கம் அப்படியே உள்ளே இருக்கும். அந்த வீக்கத்தை அடக்கி வைக்கிறது புடசோனைடு மாதிரியான ஸ்டீராய்டு இன்ஹேலர்.

கூரை ஒழுகுறப்ப தரையை மட்டும் துடைச்சிட்டு இருந்தா என்ன ஆகும்? அதுதான் ஆகுது.

7.
சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டியான 'கினா' 2019லயே சொல்லிடுச்சு: பெரியவங்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமாலை மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்காதீங்க, ஸ்டீராய்டு இன்ஹேலர் கூடவே இருக்கணும்.

இங்கே நிலைமை? ஒன்பது மையங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை வச்சு நடந்த ஆய்வுல, ஆஸ்துமான்னு ஏற்கனவே தெரிஞ்சவங்கள்லகூட அதைத் தினமும் எடுத்தவங்க 10%க்கும் குறைவு.

8.
"எனக்கு லேசான வீசிங்தான் டாக்டர்." பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொண்ணா ஆராய்ஞ்சு 2014ல் அறிக்கை வெளியிட்டாங்க. நோயின் தீவிரம் ஆராயப்பட்டவங்கள்ல பாதிக்கு மேல லேசான அல்லது மிதமான ஆஸ்துமான்னு கருதப்பட்டவங்க. மொத்தத்துல 45% பேர் உதவி கேட்காமலோ, அவசர சிகிச்சை கிடைக்கிறதுக்கு முன்னாடியோ இறந்திருக்காங்க.

9.
"ஸ்டீராய்டு ஆச்சே, பயமா இருக்கு."
இன்ஹேலர்ல ஒரு தடவைக்கு வர்றது பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம். அட்டாக் வந்தா நாங்க கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். மருந்து வேற, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனா இன்ஹேலர் நுரையீரலுக்கு நேரா போகுது, மாத்திரை உடம்பு முழுக்கப் போகுது. சின்ன ஸ்டீராய்டுக்குப் பயந்து வருஷத்துக்கு நாலு தடவை பெரிய ஸ்டீராய்டை வாங்கிக்கிறோம். (இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க.)

"பம்பு பழகிடும்."
பிரஷர் மாத்திரை பழகிடும்னு யாரும் நிறுத்தறதில்லையே.

"பொண்ணு பம்பு வச்சிருக்கான்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்வாங்க?"
இதுக்கு என்கிட்ட மருந்து இல்லைங்க. அந்த மஞ்சப்பை மட்டும்தான் ஞாபகத்துக்கு வருது.

10.
மாத்த முடியுமா? முடியும். பின்லாந்து 1994ல் பத்து வருஷத் திட்டம் ஒண்ணு போட்டது. ஊர் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் எல்லாருக்கும் பயிற்சி. சீக்கிரம் கண்டுபிடி, முதல்லயே வீக்கத்துக்கு மருந்து கொடு. அவ்வளவுதான். ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் பாதிக்கும் கீழே போச்சு.

ஆஸ்துமாவுக்காக ஒருத்தர் அட்மிட் ஆகுறார்னா, அதுக்கு முந்தின பல மாச வைத்தியம் தோத்துப்போச்சுன்னு நான் எடுத்துக்கிறேன்.

11.
நம்மகிட்டயும் வழி இருக்கு. 2021 ஆகஸ்டுல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. புடசோனைடு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. அதே பையில அந்த இன்ஹேலரும் வரணும். கறம்பக்குடியிலயோ மணமேல்குடியிலயோ இருக்கிற ஒருத்தர் அதுக்காக டவுனுக்கு பஸ் ஏறக்கூடாது. நெபுலைசர் வச்சு அனுப்பற எந்த ஆஸ்பத்திரியும் தடுப்பு இன்ஹேலர் இல்லாம, அதை எப்படி இழுக்கிறதுன்னு செஞ்சு காட்டாம அனுப்பக்கூடாது. அரசுக்கும் என் சக டாக்டர்களுக்கும் என் கோரிக்கை இதுதான்.

12.
உங்களுக்கு: மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுசாப் பேச முடியலை, பம்பு அடிச்சும் கேட்கலை, உதடு நீலமாகுது, சத்தம் நின்னு ஆள் சோர்ந்து போறார். இதுல ஒண்ணு இருந்தாலும் 108. வண்டி வர்ற வரைக்கும் நிமிர்ந்து உட்கார வைங்க, படுக்க வைக்காதீங்க. சால்புட்டமால் பம்பை ஸ்பேசர் வழியா ஒவ்வொரு தடவையா, 4 முதல் 10 தடவை வரை கொடுங்க.

13.
மார்கழிப் பனி, கதிரடிக்கிற தூசி, விறகடுப்புப் புகை எல்லாம் நம்ம ஊர்ல வருஷா வருஷம் வரும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. வீட்டுல இருக்கிற பம்பு மேல என்ன மருந்துன்னு படிச்சுப் பாருங்க. சால்புட்டமால் மட்டும்தான் இருக்குன்னா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட இப்படிக் கேளுங்க: "சார், வீக்கத்துக்கு மருந்து எங்கே?"

அன்னிக்கு ஓ.பி.யில அந்த அம்மா என்கிட்ட இதைக் கேட்கலை. அவங்க கேட்காமலே நான் எழுதியிருக்கணும்.